ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளின் அத்தை

பதிவுத் தபால் வந்தபோது குணமாலாவின் கைக்குள் ஒரு குழந்தையின் தலை இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் வடிவாம்பாள் தர்மப் பிரசவ ஆஸ்பத்திரி என்று ஒன்று உண்டு. பத்துக் கட்டில், ஒரு டாக்டர், இரண்டு நர்சுகள், பின்புறம் ஒரு தோட்டம். அங்கே எட்டு வருஷமாகப் பிரசவம் பார்த்து வந்தவள் குணமாலா. ஊர் திருப்பருத்திக்குன்றம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஜைனக் குடும்பம். புருஷன் ஜினகுமார் தினமும் காலையில் அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு நிலத்துக்குப் போவான்.

"ரிஜிஸ்டர் தபாலும்மா, கையெழுத்துப் போடணும்" என்று தபால்காரர் கதவுக்கு வெளியே இருந்து கூப்பிட்டார்.

"தலை வந்துக்கினு இருக்குது, கொஞ்சம் இருங்க" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

தோள் வந்து, உடம்பு வந்து, அழுகை வந்து, தொப்புள்கொடி கட்டி, நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்த்து, கை கழுவிக்கொண்டு அவள் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தபால்காரர் அதுவரை நின்றிருந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் குணமாலா கையில் பிறந்தவர்கள்தான்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. டாக்டர் கமலவேணியிடம் எடுத்துக்கொண்டு போனாள். கமலவேணிக்கு ஐம்பது வயது. ரத்தத்தைக் கண்டு கலங்காதவர். சீல் குத்திய காகிதத்தைக் கண்டால் கலங்கிவிடுவார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தரம் படித்தார். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் இன்னொரு தரம் படித்தார்.

"குணமாலா, நீ எங்கே படிச்சே?"

"வந்தவாசியில டாக்டரம்மா. ராவ்சாகிப் அருகநாதன் நினைவு நர்சிங் பள்ளியில. மூணு வருஷம்."

"அது நர்சிங் பள்ளி இல்லையாம். நர்சரிப் பள்ளியாம்."

குணமாலாவுக்குப் புரியவில்லை. டாக்டர் வரி வரியாகச் சொன்னார். 1959-ல் அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்த உத்தரவில் 'நர்சிங்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'நர்சரி' என்று டைப் ஆகியிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து இப்போது யாரோ ஒருவர் கவனித்துவிட்டார். அரசாங்கக் கணக்கில் அது ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் படிக்கிற பள்ளி. ஆகவே அங்கே படித்த முப்பத்தெட்டுப் பெண்களின் நர்சு பதிவும் ரத்து. அதோடு விடவில்லை. குணமாலா அங்கே சேர்ந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. நர்சரியில் சேருவதற்கு அது பதினான்கு வயது அதிகம். ஆகவே அவள் அங்கே சேர்ந்ததே செல்லாது.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. குணமாலாவுக்கும் வந்தது. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டாக்டர் கடிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தார். அதன் மேல் ஒரு மருந்துப் புட்டியை வைத்தார், பறந்துவிடும் என்பது போல.

"இனிமே நீ உள்ளே கை வைக்கக்கூடாதும்மா. வைச்சா இந்த ஆஸ்பத்திரியையே மூடிடுவாங்க."

"அஞ்சாம் கட்டிலுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருக்குது டாக்டரம்மா."

"காந்தா பார்ப்பா."

காந்தா வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சர்க்கார் பள்ளியில் படித்தவள். சான்றிதழ் சுத்தமாக இருந்தது. கைதான் நடுங்கும். தனியாக ஒரு பிரசவமும் பார்த்ததில்லை. குணமாலா அக்கா பக்கத்தில் நின்றால்தான் அவளுக்குக் கத்தரிக்கோல் எது, இடுக்கி எது என்றே தெரியும்.

கமலவேணி விசிறியால் விசிறிக்கொண்டே யோசித்தார். ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேலைதான். தோட்டக்காரர் வேலை.

"பேருக்குத்தான் குணமாலா. நீ அந்த ஜன்னலோரமா கனகாம்பரப் பாத்தி பக்கத்துல நின்னுக்கோ. செடிக்குத் தண்ணி ஊத்து. உள்ளே மட்டும் வந்துடாதே."

அவளுக்கு வந்த கோபத்தில் வீட்டுக்கே போயிருப்பாள். ஆனால் ஐந்தாம் கட்டிலில் இருந்தவள் அலறினாள். பூவாளியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

"காந்தா, இப்ப முக்கச் சொல்லாத. மூச்ச மட்டும் விடச் சொல்லு. கையை அங்க வைக்காத, கீழே தாங்கிப் பிடி."

கட்டிலில் இருந்த பெண் வலியோடு வலியாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாம்மா இது, தோட்டக்காரம்மா சொல்றத நான் கேக்கணுமா?"

"கேளு கண்ணு. இப்ப முக்கு!"

தாழ்வாரத்தில் போன டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "செடிகிட்டத்தானே பேசிக்கினு இருக்கே?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிடு என்கிற முகத்தோடு.

"இல்ல டாக்டரம்மா, அஞ்சாம் கட்டிலுக்கு."

கமலவேணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போய்விட்டார். குணமாலா அப்படித்தான். பொய் அவள் வாயில் வராது. சின்ன வயசிலேயே எடுத்துக்கொண்ட விரதம். அது அவளுக்கு நல்லது செய்ததைவிடக் கெடுதல் செய்ததுதான் அதிகம் என்று ஜினகுமார் சொல்வான்.

அடுத்த வாரம் அவள் மெட்ராசுக்குப் புறப்பட்டாள். கூட பொன்னியம்மாளும் வந்தாள். பொன்னியம்மாள் மாகறல்காரி. வந்தவாசியில் குணமாலாவோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள். சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவள். அவளுக்கும் அதே கடிதம் வந்திருந்தது. பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிட்டாள்: "நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்கிறேன்."

பதிவு ஆபீஸில் சூப்பரிண்டெண்ட் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அது நர்சிங் பள்ளிதான்னு சொல்றீங்க. சரி. நானும் நம்பத்தான் பார்க்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. அங்கே உங்களுக்குச் சாயந்திரத்துல பால் குடுத்தாங்களா?" என்றார்.

பொன்னியம்மாள், "இல்ல சார்" என்றாள்.

குணமாலா, "குடுத்தாங்க சார்" என்றாள்.

பொன்னியம்மாள் மேஜைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளினாள்.

"நர்சரிப் பள்ளிங்கிறதால மாசா மாசம் பால்பவுடர் மூட்டை அனுப்பியிருக்கோம். இதோ, ரசீது இருக்குது. ஒரு மரக்குதிரை கூட அனுப்பியிருக்கோம். வந்துதா?"

மரக்குதிரை வந்தது. தாழ்வாரத்தில் நின்றது. அது எதற்கு வந்தது என்று மேட்ரனுக்கும் தெரியவில்லை. ஈர ஏப்ரனைக் காயப்போட வசதியாக இருந்ததால் யாரும் கேட்கவில்லை.

"வந்துது சார்" என்றாள் குணமாலா.

"ஏறி ஆடினீங்களா?"

பொன்னியம்மாள் இரண்டாவது தடவை கிள்ளினாள். இந்தத் தடவை நகம் பதிந்தது.

"ஒரே ஒரு தடவை சார். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு."

சூப்பரிண்டெண்ட் மிகுந்த வருத்தத்தோடு பேனாவை மூடினார். "பாருங்கம்மா. பால் குடிச்சிருக்கீங்க, மரக்குதிரையில ஆடியிருக்கீங்க. இதுக்கு மேல நான் எப்படி அதை நர்சிங் பள்ளின்னு எழுதுவேன்? இன்னொண்ணு. நர்சரி ரெண்டு வருஷம்தான். உங்க ரெக்கார்டுல மூணு வருஷம்னு இருக்குது. ஒரு வருஷம் ஃபெயிலா?"

"சார், மூணாவது வருஷம் நாங்க நூத்திருபது பிரசவம் பார்த்தோம்" என்றாள் குணமாலா.

"நர்சரியிலயா?" என்று அவர் பயந்துபோய்க் கேட்டார்.

மேலே மனுச் செய்யலாமா என்று பொன்னியம்மாள் கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், மனுவில் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்றார். அந்த எண்ணைத்தான் ரத்து செய்துவிட்டீர்களே என்றாள். அதனால்தான் மனுச் செய்ய முடியாது என்றார். எழுந்து நின்று இருவருக்கும் கைகூப்பி விடைகொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வாலாஜாபாத் தாண்டும்போது பொன்னியம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "குதிரையில ஆடினத அவன் கேட்டானா, நீயா சொன்னியா?" என்றாள்.

"கேட்டான்."

"கேட்டா? வாயில கொழுக்கட்டையா இருந்துது, இல்லன்னு சொன்னா இன்னா?" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று குணமாலா பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

இதுவரை நடந்தது குணமாலாவோடு போயிற்று. மே மாதக் கடைசியில்தான் அது ஊர்க் காரியம் ஆனது.

கலியன் என்கிற நெசவாளி ஒருநாள் வெயிலில் தோட்டத்துக்கு வந்து நின்றான். கையில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருக்கிறான். பதிவு எழுதுகிற வீராசாமி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"என் பொண்ணு பொறந்தது இன்னும் முடிவாகலன்னு சொல்றாரு நர்சம்மா."

குணமாலா பூவாளியைக் கீழே வைத்தாள். அவனோடு நடந்தாள்.

வீராசாமி ஒல்லியான மனிதர். எதிரில் நீல மைக்கூடு ஒன்று, சிவப்பு மைக்கூடு ஒன்று. மெட்ராஸ் கடிதத்தின் நகல் அவருக்கும் வந்திருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எட்டு வருஷத்துப் பதிவேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, 'பிரசவம் பார்த்தவர்: பதிவு பெற்ற நர்சு குணமாலா' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறார். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று வட்டங்கள்.

"பொண்ணு எதுக்க நிக்கிறாளே! பொறந்தாளா இல்லியா?" என்றான் கலியன்.

"பொறந்திருக்கலாம். நான் இல்லன்னு சொல்லல" என்றார் வீராசாமி. "பதிவு பெற்ற நர்சு பார்த்துப் பொறந்ததா எழுதியிருக்குது. அப்படி ஒரு நர்சு எந்தக் காலத்துலயும் இல்லன்னு மெட்ராசுல சொல்றாங்க. இல்லாத நர்சு பார்த்த பிரசவம் எப்படிப்பா நடந்திருக்கும்?"

"நர்சம்மாவும் எதுக்கத்தான் நிக்கிறாங்க!"

"அவங்க இருக்காங்க. நர்சுதான் இல்ல."

கலியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாவு ஓட்றப்ப இழை அறுந்துச்சுன்னா முடி போட்டுக்கினு மேல நெய்வோம்யா. சேலையே இல்லன்னு எவனாவது சொல்வானா?"

குணமாலா அவனைக் கையமர்த்திவிட்டு வீராசாமியிடம் சொன்னாள்: "உங்க ரெட்டப் பசங்களும் என் கையிலதான் பொறந்தாங்க."

வீராசாமி தலையைக் குனிந்துகொண்டார். "அவங்களுக்குத்தாம்மா மொத வட்டம் போட்டேன். நாளைக்கு எவனும் என்ன ஒரு வார்த்தை கேட்டுடக்கூடாது பாருங்க. வீட்டுல பதினஞ்சு நாளா எங்கிட்டப் பேச்சு இல்ல. சோத்த வைச்சிட்டு, 'பொறக்காத பிள்ளைங்களுக்கு அப்பா, வந்து துன்னு'ன்னு சுவத்தப் பார்த்துச் சொல்றா."

கெட்ட மனிதர் இல்லை. அவரும் ராத்தூக்கம் இல்லாமல் விதிப்புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். ஒரு வழி கண்டுபிடித்தும் வைத்திருந்தார், சொல்லத்தான் கூச்சம்.

"பிரசவத்த உறவுக்காரங்க பார்த்தா பட்டம், பதிவு ஒண்ணும் வேணாம். 'உறவினர் எனில் உறவு முறை'ன்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க. அதுல அத்தைன்னு எழுதி நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா, அந்தப் பொறப்பு அந்த நிமிஷமே நடந்ததா ஆயிடும்."

"ஆயிரத்து நூத்து நாப்பத்து மூணு பிள்ளைங்களுக்குமா?"

"மொத்தத்துக்கும்."

"நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

ஊருக்குள் விஷயம் பரவியது. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. தோட்டத்து வேலியைச் சுற்றிக் கூட்டம். சிலர் கெஞ்சினார்கள். சிலர், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு ராங்கியா என்று ஏசினார்கள். மாகறலிலிருந்து பொன்னியம்மாள் வந்து, "குதிரை விஷயத்துல பொய் சொல்லல, சரி. இதுலயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் தன் கிராமத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் சின்னம்மா, பெரியம்மா, மாமி என்று இஷ்டத்துக்கு எழுதி இரண்டே நாளில் முடித்துவிட்டிருந்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது குணமாலா ஜினகுமாரிடம் கேட்டாள்: "இன்னாங்க, அத்தைன்னா யாரு?"

"இன்னா கேள்வி இது? அப்பாவோட கூடப்பொறந்தவ."

"கூடப் பொறந்தாத்தான் அத்தையா? எதுக்க வீட்டு தேவகுமார் பசங்க என்னை அத்தைன்னுதானே கூப்பிடுதுங்க. அது பொய்யா?"

ஜினகுமார் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "கூப்பிடுதுங்க. நீயும் இன்னாடான்னு கேக்குற. அது எப்படிப் பொய்யாவும்?"

மறுநாள் காலையில் அவள் வேலிக்கு வந்து கூட்டத்திடம் சொன்னாள். வெறும் காகிதத்தைக் கொண்டுவந்தால் கையெழுத்துக் கிடையாது. பிள்ளை நேரில் வரவேண்டும். வந்து, தன் வாயால் அத்தை என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால், தான் என்னம்மா என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

அந்தப் பத்து நாளும் பிள்ளையார்பாளையத்தில் திருவிழாதான். வேப்பமரத்தடியில் ஒரு ஸ்டூல் போட்டுக் குணமாலா உட்கார்ந்தாள். வீராசாமி பதிவேடுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையாக நின்றன. பேச்சு வராத கைக்குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று முதல் நாளே தகராறு. 'த்தா' என்று சத்தம் வந்தால் போதும் என்று வீராசாமி தீர்ப்புச் சொன்னார். மசூதித் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மாள், எங்கள் வீட்டில் 'காலா' என்றுதான் சொல்வோம், அது செல்லுமா என்று கேட்டாள். தெலுங்கு பேசுகிற நெசவாளர் வீட்டுப் பையன் 'மேனத்தா' என்றான். வீராசாமி ஒவ்வொன்றையும் பக்கத்தில் இன்ன உறவு என்று விளக்கம் எழுதி வைத்துக்கொண்டார். அவருடைய இரட்டைப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக் கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்கு மத்தியானம் அவர் வீட்டிலிருந்து அவருக்குக் கேரியரில் சாப்பாடு வந்தது.

குணமாலாவுக்குப் பெயர்கள் நினைவில்லை. பிறந்த விதம் நினைவிருந்தது. "நீ கொடி சுத்திக்கினு வந்தவன்." "நீ கால முன்னாடி நீட்டினவ." "உங்கம்மா உன்னைப் பெத்தப்ப என் கையைக் கடிச்சா, இதோ பாரு தழும்பு." எட்டு வருஷத்தில் பிடித்து வெளியே எடுத்துக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு இந்த முகங்களை அவள் பார்த்ததில்லை. இப்போது ஒன்றன்பின் ஒன்றாக, மூக்கு ஒழுகிக்கொண்டும், பல் விழுந்தும், எண்ணெய் வழியத் தலைவாரியும் வந்து நின்று அத்தை, அத்தை என்றன. இரண்டாம் நாள் சாயந்திரமே அவள் குரல் கட்டிவிட்டது. 'என்னம்மா' என்பதைத் தலையசைத்துத்தான் கேட்டாள்.

எட்டாம் நாள் திருப்புட்குழியிலிருந்து சம்பூர்ணம் என்று ஒரு பெண் வந்தாள். கையில் காகிதம் மட்டும் இருந்தது.

"பிள்ளை எங்கம்மா?" என்று வீராசாமி கேட்டார்.

"இல்லீங்க. ரெண்டு வயசுல அம்மை வாத்துச்சு. போய்ட்டான்."

"அப்போ இவ்ளோ தூரம் எதுக்கும்மா வந்தே? பள்ளிக்கூடத்துக்கா சேக்கப் போற?"

சம்பூர்ணம் அவரைப் பார்க்கவில்லை. குணமாலாவைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாப் பேருக்கும் வட்டம் போட்டிருக்குதாமே. அடிச்சிடுவாங்களாமே. பொறந்ததே இல்லைன்னு ஆயிட்டா, செத்ததும் இல்லன்னுதானே ஆவும்? அவன் பேரு அந்தப் பொஸ்தகத்துல மட்டும்தாம்மா இருக்குது. வேற ஒண்ணுமே இல்ல எங்கிட்ட. ஒரு போட்டோ கூட எடுக்கல."

வீராசாமி பக்கங்களைப் புரட்டினார். அவசரமாகப் புரட்டினார், பக்கம் கிழிந்துவிடும் போல. எடுத்துக் குணமாலா முன்னால் வைத்தார். 1966, ஆவணி மாதம், ஆண் குழந்தை, பெயர் அர்ஜுனன்.

"இவன் பொறந்ததும் அழல" என்றாள் குணமாலா. கட்டிப்போன குரலில் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "தலைகீழாப் பிடிச்சுத் தட்டினேன். அழல. வாயில வாய வச்சு ஊதினேன். அப்புறம்தான் அழுதான். உனக்கு நினைவு இருக்குதா?"

"இருக்குதும்மா."

பிள்ளை வந்து கூப்பிட்டால்தான் கையெழுத்து என்று அவள் போட்ட விதி. அவளே போட்டது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அத்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீராசாமி மை காயும்வரை ஊதினார். அன்றைக்கு அதோடு வரிசையை முடித்துவிட்டார்கள். யாரும் தகராறு செய்யவில்லை.

கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் கமலவேணி டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரி விதியில் பிரசவ அறைக்குள் நர்சைத் தவிர ஒரு பெண் உறவினர் இருக்கலாம் என்று இருந்தது. இரண்டாம் பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் மூத்த பிள்ளைக்குக் குணமாலா அத்தை. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு அவள் நாத்தனார். எழுத்துப்பூர்வமான நாத்தனார், சர்க்கார் முத்திரையோடு.

"பூவாளியை வச்சிட்டு வா குணமாலா. உள்ளே ஒருத்தி நாத்தனாரைத் தேடிக் கத்திக்கினு இருக்கா."

தலைச்சன் பிரசவம் என்றால் டாக்டரே நோட்டை வைத்துக்கொண்டு, மாமியார் யார், ஓரகத்தி பிள்ளை யார் என்று விசாரித்து எங்காவது ஒரு இழையைப் பிடித்துவிடுவார். அந்த வட்டாரத்தில் குணமாலாவுக்கு உறவில்லாத வீடு அகப்படவில்லை. காந்தாவின் கை நடுக்கமும் மெல்ல நின்றது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. வீராசாமி அந்த வருஷக் கணக்கை ஒழுங்காக எழுதி மெட்ராசுக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துவிட்டுப் புள்ளிவிவர ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து இறங்கினார். குடையும் பெரிய பையுமாக, வெயிலில் களைத்துப்போய் வந்தார். நீர்மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"உங்க கூடப்பிறந்தவங்க எத்தனை பேரும்மா?"

"ரெண்டு அண்ணன், ஒரு தம்பி."

அவர் ஓரத்தில் கணக்குப் போட்டார். "அப்ப ஆளுக்கு முந்நூத்து எண்பத்தொரு பிள்ளைங்க. மீதியில்லாம வகுபடுது." நிமிர்ந்து பார்த்தார். "சந்தேகமெல்லாம் இல்லம்மா. கணக்கு சரியாத்தான் இருக்குது. எட்டு வருஷத்துல ஒரு ஆளுக்கு எப்படின்னுதான் எனக்கு..."

குணமாலா நடந்ததை நடந்தபடி சொன்னாள். பால்பவுடர், மரக்குதிரை எல்லாம் சொன்னாள். அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. இரண்டு தடவை எழுதினதை அடித்துத் திருத்தினார். கடைசியில் பெருமூச்சு விட்டார். "உங்க குடும்பத்த சரி பண்ண ஆயிரத்து நூத்து நாப்பத்து மூணு திருத்தம் வேணும். நர்சரிங்கிற வார்த்தைய சரி பண்ண ஒரு திருத்தம் போதும். அதத்தான் நான் எழுதப்போறேன்."

ஆபீஸ்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் அவர் எழுதியிருக்க வேண்டும். 1973, தை மாதத்தில் திருத்த உத்தரவு வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் திரும்பப் பதிவு செய்துகொள்ளலாம். பதினேழு பேர்தான் செய்துகொண்டார்கள். மீதிப் பேரில் சிலர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. பொன்னியம்மாள் மாகறலில் மாவு மில் வைத்திருந்தாள். குணமாலா போய்க் கூப்பிட்டபோது, புருவத்தில் மாவோடு நின்று, "நான் வர்லம்மா. அரிசியப் போட்டா மாவு வருது, எவனும் வந்து இல்லன்னு சொல்றதில்ல" என்றாள்.

உத்தரவில் ஒரு சிக்கல் இருந்தது. பழைய எண் ரத்தானது ரத்தானதுதான். புது எண், புதுத் தேதி. அதாவது குணமாலா அந்தத் தை மாதத்தில்தான் நர்சு ஆனவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளை ஆறு மாதம் மூத்த நர்சு மேற்பார்வை பார்க்க வேண்டும், மாதா மாதம் ரிப்போர்ட் எழுதவேண்டும். மூத்த நர்சு காந்தா.

முதல் மாதம் முடிந்த அன்று காந்தா ரிப்போர்ட் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எழுதவில்லை. பேனாவை மூடி மூடித் திறந்தாள்.

"அக்கா, உங்களப் பத்தி நான் இன்னா அக்கா எழுதுறது? எனக்குக் கை வரல."

வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே குணமாலா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"கைகள் சுத்தம். எழுது."

"எழுதிட்டேன் அக்கா."

"நேரத்துக்கு வருகிறார். மூத்த நர்சுக்கு மரியாதை கொடுக்கிறார்."

"அக்கா..."

"எழுதுடி. வேலை கத்துக்கணும்னு ஆர்வம் இருக்குது. தலைச்சன் பிரசவத்துல இன்னும் கொஞ்சம் நிதானம் வேணும்."

"உங்களுக்கா அக்கா? நிதானமா?"

"உண்மைதான், போன வாரம் ரெண்டாம் கட்டில்ல அவசரப்பட்டேன். ஒரு தையல் அதிகமாப் போச்சு. அதையும் எழுது."

காந்தா தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். உள்ளே யாரோ, "அண்ணி! அண்ணி!" என்று நாத்தனாரைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.